தண்ணீருக்குக் கூன் விழாது

எனக்கு வெகுநாளாக முழங்கால் வலி, இன்ஸ்பெக்டர் ஐயா. மேடு ஏறுவது என்றாலே எட்டிக்காய். அன்று நான் கிராம்புத் தோட்டம் வரை ஏறினேன் என்று நீங்கள் சொன்னபோது என் மனைவியே நம்பவில்லை. "வீட்டுப் படி ஏறவே மூணு தடவ அல்லாவைக் கூப்பிடுற மனுஷன், மலை ஏறினாராக்கும்" என்று உங்கள் முன்னாலேயே சிரித்தாள். ஏறினேன். அதை இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் போலத் தெரிவேன்.

நீங்களும் எங்களைப் போல மினாங் இனத்து ஆள்தான், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மிடத்தில் வீடு பெண்ணுடையது, வயல் பெண்ணுடையது. புருஷன் என்பவன், வெட்டிப்போட்ட மரத்தின் தூர்மேல் படிந்த சாம்பல், காற்றடித்தால் போச்சு. அதனால் ஆண்பிள்ளை வெளியூர் போய்ச் சம்பாதித்து வர வேண்டும். நானும் போனேன். ஜகார்த்தாவில் ஒரு சந்தையில் துணிக்கடை போட்டேன். கடை படுத்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவன் காரில் வருவான். கார் இல்லாவிட்டால் காரை விற்ற கதையோடாவது வருவான். நான் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். பியானின் காப்பிக்கடையில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அந்த நகர்தல்தான் எனக்கு வலித்தது.

பூமி தட்டை என்பதை நான் ஜகார்த்தாவில்தான் தெரிந்துகொண்டேன். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் தொலைபேசியில் வீடியோவாகப் பார்த்தது. யாரோ ஒருவர் பொறுமையாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பூமி சுற்றுகிறது என்றால் ஏன் நமக்குத் தலை சுற்றவில்லை. உருண்டையின் அடியில் இருப்பவன் ஏன் விழவில்லை. வானத்திலிருந்து எடுத்த படங்கள் என்கிறார்களே, எடுத்தவனை நீ பார்த்தாயா. என்னை ஏமாற்றாத ஒரே ஆள் அவர்தான் என்று அன்று தோன்றியது. கடையில் கூட்டாளி ஏமாற்றினான், கடையை வாடகைக்கு விட்டவன் ஏமாற்றினான். உலகமே ஒரு பெரிய ஏமாற்று என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் மாலை பியானின் கடையில், ஏரியைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். சிங்காராக் ஏரி அந்தக் கடையின் வாசலிலேயே தொடங்கி, தெற்கே கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. "வளைஞ்சிருக்கா சொல்லுங்கப்பா" என்றேன். "தண்ணிக்குக் கூன் விழாது. கிழவனுக்குத்தான் விழும்." சிரித்தார்கள். ஆனால் மறுநாள் மாலை அவர்களே கேட்டார்கள்.

"அப்ப ஓரத்துல கடல் தண்ணி கொட்டிப் போயிராதாண்ணே?" என்றான் பியான்.

"ஓரத்துல பனிச்சுவர் இருக்குடா. உன் காப்பி டம்ளருக்கு விளிம்பு இல்ல?"

"என் கடை டம்ளர்ல எது விளிம்பு, எது உடைசல்னு எனக்கே தெரியாதே."

பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். கிரகணத்தன்று நிலாவில் விழும் நிழல் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டார். "தட்டும் வட்டந்தானே சார்" என்றேன். கடையே அதிர்ந்தது. "கிழக்க பப்புவாவுல என் தங்கச்சி பொழுது சாஞ்சு மகரிப் தொழுதுட்டுப் போன் பண்றா, இங்க வெயில் மண்டையப் பொளக்குது, அது எப்படி?" என்றார். சூரியன் சின்னது, விளக்கைத் தூக்கிக்கொண்டு போவது போல நகர்ந்து வருகிறது என்றேன். பிறகு என் கடைசி அம்பை விட்டேன். விரிந்து கிடக்கும் உலகே ஆசான் என்று நம் முன்னோர் சொன்னார்களா இல்லையா. பாயை விரிக்கலாம், பந்தை யாராவது விரிப்பார்களா. வாத்தியார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் ஆள்கள் நகரவில்லை, எழுந்து இடம் கொடுத்தார்கள்.

இங்கேதான் தஸ்ரில் வருகிறான். கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கிறவன். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பெரிய கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. "அண்ணே, இத நாலு பேரு கேட்டாப் பத்தாது" என்று சொல்லி, என் பேச்சைப் படம் பிடித்து இணையத்தில் போட்டான். சுமத்ரா முழுக்க ஆள்கள் பார்த்தார்கள். எனக்குத் தம்பி கிடையாது, ஐயா. அவன் இருந்தான். நான் பேசும்போது எங்காவது தடுக்கி நின்றால், கேமராவுக்குப் பின்னாலிருந்து மெல்லத் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த வார்த்தைக்குப் போவேன். ஊரெல்லாம் கேட்டாலும், உண்மையில் நான் பேசியது அந்த ஒரு தலைக்குத்தான்.

இந்த நோன்பு மாதத்துக்கு முன்னால் நான் ஓர் அறிவிப்பு செய்தேன். பெருநாளுக்கு வெளியூர் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருக்கும் சமயம், ஏரியின் தென்கோடியில் ஒருவன் தண்ணீர் மட்டத்தில் கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பி அடிக்க வேண்டும். வடகரையில் நாம் தண்ணீர் மட்டத்தில் கேமராவை வைத்துப் பார்க்க வேண்டும். ஏரி வளைந்திருந்தால் அந்த மினுக்கல் தெரியாது. தட்டையாக இருந்தால் தெரியும். இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாதது இல்லை. இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், படங்களில் இருக்கிறது. கார் வைத்திருக்கும் என் சகலை உள்பட அத்தனை பேரும் வருவதாகச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெருநாள் எவ்வளவு முக்கியம் என்று தஸ்ரிலுக்குத் தெரியும்.

நோன்பு முடியப் போகும் சமயத்தில் அவன் வந்து, "அண்ணே, ஊர் முன்னால வைக்கிறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒருதடவ பாத்துருவோம். ஒத்திகைன்னு வச்சுக்கங்க" என்றான்.

"பியானையும் கூட்டிக்கலாமே" என்றேன்.

"வேணாம்ணே. யாரும் வேணாம்."

தன் மச்சானின் மோட்டார் படகை எடுத்துக்கொண்டான். அவன் மனைவி நெல்மாவின் அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய ஒரு துண்டுக் கண்ணாடியை, நழுவாமல் இருக்க மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். அதைக் கட்டிவிட்டது நான்தான். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். "போதும்ணே, ரத்தம் ஓடணும்ல" என்றான். தனியாகப் போனான்.

பகல் தொழுகைக்குப் பிறகு கரையோரம், அவன் விட்டுப்போன கேமராவை ஊன்றினேன். தெற்கே பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான். தஸ்ரில் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"தெரியுதாண்ணே?"

"இல்ல. கண்ணாடிய ஒழுங்காப் பிடி."

"ஒழுங்காத்தாண்ணே பிடிச்சிருக்கேன்." பிறகு, "கொஞ்சம் மேல ஏறிப் பாருங்கண்ணே. அந்தக் கிராம்புத் தோட்டம் வரைக்கும்."

"எதுக்கு?"

"எனக்காக ஏறுங்க."

ஏறினேன். நோன்பு வேறு, நாக்கு வறண்டது. மரத்துக்கு மரம் நின்று நின்று ஏறி, கேமராவைத் திருப்பி வைத்தேன். இருந்தது. தெற்கே, தண்ணீரின் விளிம்பில், மூக்குத்தி போல ஒரு சின்ன மினுக்கல். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கினேன். இல்லை. மறுபடி ஏறினேன். இருந்தது. மறுபடி இறங்கினேன். என் முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும் எத்தனை தடவை என்று. கடைசியாகக் கிராம்பு மரத்தடியில் உட்கார்ந்தபோது, இத்தனை காலமும் என் கண் முன்னால் கிடந்த ஏரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"தெரியுதுல்லண்ணே?" என்றான்.

நான் கேமராவை மறுபடி தெற்கே திருப்பினேன்.

"எனக்கு மழைக்காலத்துலயே தெரியும். மீன்பிடிப் படகு விளக்க வச்சுத் தனியாப் பாத்துட்டேன். கீழ நின்னா இல்ல, மேல ஏறினா இருக்கு. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. ஊரே கூடி நிக்கிறப்ப நீங்க இத முதல் தடவையாப் பாக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கு இப்படிப் பண்ணேன். யாருக்கும் தெரிய வேணாம்ணே. பெருநாள் அன்னிக்குக் கேமரா ரிப்பேர்னு சொல்லிருவோம். பழிய நான் ஏத்துக்கிறேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, மழைக்காலம் என்றால் எத்தனை மாதம். அத்தனை மாதமும் கேமராவுக்குப் பின்னால் நின்று எனக்குத் தலையாட்டியிருக்கிறான். நான் பேசியதெல்லாம் தப்பு என்று தெரிந்துகொண்டே, பாவம் பேசட்டும் என்று ஆட்டியிருக்கிறான். சந்தையில் என்னை ஏமாற்றியவர்கள் பணத்துக்காக ஏமாற்றினார்கள். அது எனக்குப் புரிந்தது. இவன் இரக்கப்பட்டு ஏமாற்றியிருக்கிறான். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, இவன் பறித்த குழியில் மெத்தை வேறு போட்டு வைத்திருந்தான். அன்று எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். துரோகம் செய்யப்பட்டவன் நான்தான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிற்பகல் அஸர் தொழுகை கழிந்தால் மலையிலிருந்து காற்று இறங்கும், உங்களுக்கும் தெரியும். அன்று கொஞ்சம் முரட்டுத்தனமாக இறங்கியது. தென்பக்கம் தண்ணீர் வெள்ளையாகப் புரண்டது. கேமராவில் படம் ஓடவிட்டு, அதன் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவ்வளவு தூரத்தில் ஆள் உருவம் தெரியாது, மினுக்கல் மட்டும்தான். அது கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. பிறகு வந்தது. முன்பெல்லாம் ஓய்ந்து ஓய்ந்து மின்னியது, இப்போது ஓயாமல் மின்னியது. மேலும் கீழுமாகத் துள்ளித் துள்ளி மின்னியது. படகு கவிழ்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது. தொலைபேசி தண்ணீருக்குள் போயிருக்கும். கண்ணாடி கையிலேயே கட்டியிருந்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் ஏரியில் ஒரு படகும் இருக்காது. அந்த வெளிச்சம் எங்கே விழும், அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிட்டான்.

பியானுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையிலிருந்து பத்துப் படகு கிளம்பியிருக்கும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்ததும் பியான் என்ன கேட்பான் என்று யோசித்தேன். "எங்கேருந்துண்ணே பாத்தீங்க?" என்றுதான் கேட்பான். அப்பாவிப் பயல், வேறு எதுவும் கேட்கத் தெரியாது. கிராம்புத் தோட்டத்திலிருந்து என்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து ஏன் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். சரி, ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் பேச்சில் மட்டமானவன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தஸ்ரில் உயிரோடு திரும்பி வருவான். யாரிடமும் வாய் திறக்க மாட்டான், அப்படிப்பட்டவன் இல்லை. கேமராவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பான். நான் பேசுவேன். அவன் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலை எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்தேன். என்னால் முடியும் என்று தோன்றவில்லை.

தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓடிப் போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கடைசிவரை பார்த்தேன். தாகம் தொண்டையை அடைத்தது, பக்கத்தில் ஊற்று இருந்தது, ஆனாலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நோன்பைக் காப்பாற்றினேன். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போனதும் மினுக்கல் நின்றுவிட்டது. கண்ணாடிக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாதே.

கீழே இறங்கி, பியானின் கடையில் எல்லாரோடும் உட்கார்ந்து நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழம், தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். பியான் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது நெல்மா வந்தாள்.

"அண்ணே, அவரு உங்களோடதான இருந்தாரு?"

"வரவே இல்லியேம்மா" என்றேன். "கரையில நின்னு நின்னு பாத்தேன். ஏரியில ஆளே தெரியல. ஒம்பிலின் ஆத்துப் பக்கம் யாரையோ பாக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான்."

"நோன்பு நேரத்துலயா? யாரைண்ணே?"

"பேரு சொல்லலம்மா."

எல்லாரும் கிழக்கே ஒம்பிலின் பக்கம் கிளம்பினார்கள். முழங்கால் வலியோடு நானும் போனேன். தஸ்ரில், தஸ்ரில் என்று கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள், என் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது என்பார்கள். அது நடிப்பு என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நடிப்பு இல்லை. நான் தேடிய தஸ்ரில் வேறு. மழைக்காலத்துக்கு முன்னால் இருந்தவன்.

பெருநாளுக்கு முந்தின நாள் தென்கரை மீனவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உயிரோடு இருந்திருப்பான் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

பெருநாள் சோதனை நடக்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. என் பேச்சைக் கேட்கிறவர்கள் தஸ்ரிலை உண்மைக்காக உயிர் விட்டவன் என்று கொண்டாடினார்கள். அவனைப் பற்றி நானும் பேசினேன். பியானின் மகன் தொலைபேசியில் படம் பிடித்தான். நடுவில் ஓரிடத்தில் தடுக்கி நின்றேன். எதிரே தலையாட்ட ஆள் இல்லை. எப்படியோ சமாளித்துப் பேசி முடித்தேன்.

பிறகு நெல்மா வீட்டுக்கு வந்தாள். மடியில் அந்தக் கண்ணாடித் துண்டு. "இது என் அலமாரிக் கண்ணாடி. இத எதுக்குண்ணே கைல கட்டிக்கிட்டுப் போனாரு? முடிச்சப் பாருங்க. ஒத்தக் கையால போட்ட முடிச்சு இல்ல இது" என்றாள். தெரியாது என்றேன். அப்புறம் கேமராவைக் கேட்டாள், மகளுடைய படங்கள் அதில் இருக்கின்றன என்று. கொடுத்துவிட்டேன். அவள் உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று எடுத்த படத்தை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். கரையிலிருந்து எடுத்ததாக முதலில் உங்களிடம் நான் சொன்ன படத்தின் ஓரத்தில் ஒரு கிராம்பு இலை ஆடுவதைக் காட்டினீர்கள். நல்ல கண் உங்களுக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன். கேமரா என்னிடம் இருந்தவரை, தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மினுக்கல் துள்ளுவதை, ஓயாமல் துள்ளுவதை, நின்றுபோவதை. எங்கோ ஒரு தப்பு இருக்க வேண்டும் என்று தேடினேன். சூடேறிய காற்று காட்டும் கானல், கேமராவின் கோளாறு, ஏதோ ஒன்று. மேலே ஏறினால் தெரிவதற்கு வேறு காரணம் இருந்தே ஆக வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. நேரம் கொடுத்தால் கிடைக்கும்.

நாளைக்கு என்னை ஏரிக்குக் கூட்டிப்போய், நடந்ததை நடந்தபடி செய்து காட்டச் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். தென்கோடியில் ஓர் ஆளைக் கண்ணாடியோடு படகில் நிறுத்துவீர்களாம். நெல்மாவும் வருவாளாம். வரட்டும். நான் அவனைப் பார்த்தேன், பார்த்தபடியே சாகவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கும் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என்னைக் கிராம்புத் தோட்டத்துக்கு ஏற்ற வேண்டாம். முழங்கால் தாங்காது. கரையிலேயே நிறுத்திவிடுங்கள், ஐயா. நெல்மாவையும் என் பக்கத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரி கடைசிவரை தெரியும். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். அங்கே யாரும் இல்லை.